மலையேறி வந்த ஓட்டு

மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, கல்லாறு பாலத்தைக் கடந்து வண்டி மலையேறத் தொடங்கியதும் பாக்குத் தோப்புகளின் ஈரக்காற்று முகத்தில் அடிக்கும். வளைவுகளில் ஏறி பர்லியாறு வந்ததும் எல்லோரும் வண்டியை நிறுத்துவார்கள். சாலையோரக் கடைகளில் சீசனுக்கு ஏற்றபடி பலா, மங்குஸ்தான், துரியன். குழந்தைகளுக்குக் குரங்கு வேடிக்கை, பெரியவர்களுக்குச் சூடான டீ. நீலகிரியின் வாசல்படி என்றே இந்த இடத்தைச் சொல்லலாம்.

தேர்தல் அறிவித்துவிட்டால் இந்த வாசல்படியின் முகம் மாறிவிடும். சோதனைச் சாவடியில் பறக்கும் படை நிற்கும். காரின் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள், பைகளைப் பார்ப்பார்கள். 50 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் கணக்குச் சொல்ல வேண்டும். கையில் ஹோட்டல் வாடகையும் ஷாப்பிங் பணமுமாக வரும் குடும்பத்துக்கு ஒன்றும் புரியாது. பூ பார்க்கவும் ரயிலில் போகவும் வந்த இடத்தில் இது என்ன வம்பு என்று விழிப்பார்கள்.

வெளியூர்க்காரர்களின் கண்ணில் இந்த மலை என்றைக்கும் ஒரு காட்சிதான். சிம்ஸ் பூங்கா, லேம்ஸ் ராக், டால்பின் நோஸ், அத்தோடு கிளம்பிவிடுவார்கள். ஆனால், பார்த்து ரசிக்கும் அந்தப் பச்சைச் சரிவுக்குள் 2021 தேர்தலில் ஏறத்தாழ 1.9 லட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள். தமிழகச் சட்டமன்றத் தொகுதிகளின் பட்டியலில் 110-வது தொகுதி, குன்னூர்.

பெயர்தான் குன்னூர்

தொகுதியின் பெயரில் குன்னூர் இருந்தாலும் பரப்பில் பெரும்பகுதி கோத்தகிரிப் பக்கம்தான். பர்லியாறில் தொடங்கி, குன்னூர் நகரத்தைத் தொட்டு, இருபது கிலோமீட்டர் தள்ளி கோத்தகிரிக்குப் போய், அங்கிருந்து அரவேணு, குஞ்சப்பனை என்று ஒரு பக்கமும், கோடநாடு என்று இன்னொரு பக்கமும் கிளை பிரியும். ஒரு வேட்பாளர் காலையில் குன்னூர் மார்க்கெட்டில் கும்பிடு போட்டுவிட்டு மாலையில் கோடநாடு போய்ச் சேர்வதற்குள், எத்தனையோ வளைவுகளும் அரை டஜன் தட்பவெப்பங்களும் கடந்திருக்கும். கீழே வியர்க்கும், மேலே ஸ்வெட்டர் கேட்கும்.

மனிதர்களும் அப்படித்தான். நகரத்தில் வியாபாரிகள், வெலிங்டன் ராணுவ மையத்தைச் சுற்றி வாழும் குடும்பங்கள், முன்னாள் ராணுவத்தினர். மேட்டு நிலங்களில் படுகர்களின் ஹட்டிகள். கோத்தகிரிக்கே பெயர் கொடுத்த கோத்தர்கள். சரிவுகளின் இடுக்குகளில் இருளர், குறும்பர் குடியிருப்புகள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஓட்டுக் கூரை லைன் வீடுகளில் தோட்டத் தொழிலாளர்கள். ஒரே தொகுதிக்குள் இத்தனை ஊர்கள், இத்தனை மொழிகள்.

அதனால்தான் இங்கே யாராலும் எளிதாக ஜெயிக்க முடிவதில்லை. 2016-ல் அ.தி.மு.க.வின் சாந்தி ராமு வென்றபோது வித்தியாசம் 4 ஆயிரத்துக்கும் குறைவு. 2021-ல் தி.மு.க.வின் கா.ராமச்சந்திரன் வென்றபோது 4 ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. பக்கத்துத் தொகுதியான கூடலூரில் அதே தேர்தலில் 2 ஆயிரத்துக்கும் குறைவு. இரண்டு மூன்று ஹட்டிகளோ, நாலைந்து எஸ்டேட்டுகளோ மனம் மாறினால் முடிவே மாறிவிடும். கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். ஊருக்கு வரும் சாலை மோசமாக இருந்தால், ‘தேர்தல் புறக்கணிப்பு’ என்று ஒரு பேனர் போதும். மறுநாளே அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்குவார்கள்.

இந்தத் தொகுதி 2008 மறுவரையறை வரைக்கும் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. மறுவரையறையில் குன்னூர் பொதுத் தொகுதியானது. பொதுவாக இருந்த கூடலூர் தனித் தொகுதியானது. 2006-ல் கூடலூரில் வென்று அமைச்சராக இருந்த ராமச்சந்திரன், 2011-ல் குன்னூருக்கு வந்து நின்றது அப்படித்தான். மாநிலமெங்கும் அ.தி.மு.க. அலை வீசிய அந்தத் தேர்தலில் குன்னூர் அவரைத்தான் தேர்ந்தெடுத்தது. கூடலூர் இன்னும் ஒருபடி மேல். 2011, 2016, 2021 என மூன்று தேர்தலிலும் ஆட்சிக்கு வந்த கட்சிக்கு எதிர்க்கட்சியையே தேர்ந்தெடுத்தது. கீழே வீசும் அலை மலையேறும்போது சற்றுத் திசைமாறும் போலிருக்கிறது.

ரயிலை விடப் பிந்தி வந்தது

குன்னூருக்கு மலை ரயில் 1899-ல் வந்துவிட்டது. ஊட்டிக்கு 1908-ல் போனது. அந்தப் பாதை போட்ட ஒப்பந்தக்காரர்களில் ஒருவர் உப்பதலையைச் சேர்ந்த ராவ் பகதூர் பெள்ளி கவுடர். அவருடைய மகன் எச்.பி.ஆரி கவுடர் பின்னாளில் சென்னை மாகாணச் சட்டசபையில் நீலகிரியின் குரலாக இருந்தார். 1935-ல் தொடங்கிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் பின்னாலும் அவர்தான் இருந்தார். உருளைக்கிழங்கையும் காய்கறியையும் தரகர்களிடம் கொடுத்து ஏமாந்துகொண்டிருந்த விவசாயிகளுக்கு அது பெரிய பிடிமானம்.

ஆனால், அன்று ஓட்டு எல்லோருக்கும் இல்லை. சொத்தும் வரியும் கல்வியும் உள்ளவர்களுக்குத்தான் வாக்குரிமை. தேயிலை பறித்தவர்களுக்கு அந்தச் சட்டசபை எட்டாத உயரம். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில்தான் பங்களாவுக்கும் லைன் வீட்டுக்கும் ஒரே ஓட்டு என்ற நிலை வந்தது. அடுத்த பத்தாண்டில், 1962-ல், படுகர் சமூகத்தின் முதல் பெண் பட்டதாரியான அக்கம்மா தேவி நீலகிரியின் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

இந்தத் தொகுதியில் பல குடும்பங்களின் ஓட்டுக்கு மட்டும் வேறு ஒரு சரித்திரம் உண்டு. அந்த ஓட்டு கடல் கடந்து வந்தது.

சிலோனில் தொலைத்தது

இலங்கையில் 1931-லேயே வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. இந்தியாவுக்கு இருபது ஆண்டுகள் முந்தி. குடியிருப்பு நிபந்தனைகள் இருந்தாலும், இங்கிருந்து போய்க் கண்டி, நுவரெலியா, அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் பலரும் அங்கே ஓட்டுப் போட்டார்கள். 1947 தேர்தலில் தொண்டமான் நுவரெலியாவிலிருந்து நாடாளுமன்றம் போனது அவர்களின் ஓட்டில்தான்.

அடுத்த இரண்டே ஆண்டுகளில் எல்லாம் போனது. 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949-ல் வந்த தேர்தல் சட்டத் திருத்தம் ஓட்டையும் பறித்தது. பிறந்த மண்ணிலேயே ‘எந்த நாடு?’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போனது.

1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரை இரு நாடுகளும் பங்கு பிரித்துக்கொண்டன. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. கேட்பதற்கு அவர்களுக்கு ஓட்டும் இல்லை.

தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கையில் ஒரு தகரப் பெட்டியும் மறுவாழ்வு அட்டையுமாக அவர்கள் தமிழ்நாட்டின் பல திசைகளுக்குப் போனார்கள். 1980-களின் நடுப்பகுதிக்குள் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பலர் தெரிந்த தொழிலைத் தேடி, தெரிந்த குளிரைத் தேடி நீலகிரிக்கு ஏறினார்கள். அவர்களுக்காகவே 1968-ல் வனத்துறையின் தேயிலைத் திட்டம் தொடங்கியது. காட்டு நிலத்தில் தேயிலை நட்டு வேலை கொடுத்தார்கள். அதுதான் பின்னர் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட டான்டீ, தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்.

சான்றிதழில் அவர்கள் பெயர் தாயகம் திரும்பியோர். ஊர்ப் பேச்சில் ‘சிலோன்காரங்க’. நுவரெலியா பக்கம் ஒருமுறை ஓட்டுப் போட்டு, பிறகு பல ஆண்டுகள் ஓட்டே இல்லாமல் வாழ்ந்து, முதுமையில் நீலகிரியில் ஒரு பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்று மறுபடி விரலில் மை வைத்துக்கொண்ட பாட்டிகள் அந்தத் தலைமுறையில் இருந்தார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டால் அலுத்துக்கொள்ள முடியாது. பட்டியலிலிருந்து பெயர் போனால் என்ன ஆகும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் அவர்கள்.

ஓட்டு கிடைத்தது. வீடு? அது இன்றும் பாதிக் கதைதான். டான்டீயின் தோட்டங்கள் நிற்பது வனத்துறை நிலம். லைன் வீடு வேலைக்கான வீடு. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். 2022-ல் டான்டீயின் சுமார் 2,150 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு ஆணை பிறப்பித்தபோது, மலையெங்கும் பதற்றம் கிளம்பியது. ஒருமுறை பெயர்ந்து வந்தவர்கள், மறுபடி பெயர வேண்டுமோ என்று பயந்தார்கள். எதிர்க்கட்சிகள் போராட்டம் நடத்தின. அதன் பிறகு, ஓய்வு பெற்ற தொழிலாளர்களுக்கான அடுக்குமாடி வீடுகளில் அவர்கள் கட்ட வேண்டிய பங்குத் தொகையை அரசே ஏற்கும் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். போராட்டம் மட்டுமே அந்த அறிவிப்பைக் கொண்டு வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால், நாலாயிரம் ஓட்டில் முடிவாகும் தொகுதியில் லைன் வீட்டின் குரலை யாரும் கேட்காமல் இருக்க முடியாது. 1949-ல் அவர்களிடமிருந்து பறிபோனது அதுதான்.

இலைக்கு யார் விலை வைப்பது?

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியெல்லாம் சாலையோரம் இலை மூட்டைகள் காத்திருக்கும். காலையில் பறித்த பச்சைத் தேயிலையை மாலைக்குள் ஆலைக்குக் கொண்டுபோக லாரி வரும். ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் பல்லாயிரம் சிறு விவசாயிகளின் வாழ்க்கை அந்த மூட்டையில்தான் இருக்கிறது.

இங்கே தேர்தலில் எந்தக் கட்சி மேடை போட்டாலும் முதல் வாக்குறுதி இலை விலைதான். 1990-களின் இறுதியில் விலை சரிந்தபோது கிலோவுக்கு ஒற்றை இலக்க ரூபாய்தான் கிடைத்தது. பறி கூலிக்கே போதவில்லை. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. 2023 செப்டம்பரில் கோத்தகிரிக்கு அருகே நட்டக்கல்லில் விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். உற்பத்திச் செலவு கிலோவுக்கு 22 ரூபாய் 50 காசு, அதோடு பாதி சேர்த்து 33 ரூபாய் 75 காசு வேண்டும் என்பது கோரிக்கை. ஹட்டி ஹட்டியாக வந்து உட்கார்ந்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்த விலையை வைப்பவர் யாரும் இந்தத் தொகுதியில் ஓட்டுக் கேட்டு வருவதில்லை. குன்னூர் ஏல மையத்தில் தேயிலைத் தூள் என்ன விலைக்குப் போகிறதோ அதில் 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு ஆலைக்கு என்பது கணக்கு. அந்தக் கணக்கைப் போடும் தேயிலை வாரியத்தின் தலைமையகம் கொல்கத்தாவில். அதன் மேல் இருப்பது டெல்லியின் வணிக அமைச்சகம். ஏலத்தை அசைப்பதோ உலகச் சந்தை.

படுகர்களின் இன்னொரு நெடுநாள் கோரிக்கை, தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது. அதையும் முடிவு செய்வது நாடாளுமன்றம். டான்டீ நிலத்தின் கதையில் வனச் சட்டங்கள் குறுக்கே நிற்கின்றன. அதுவும் டெல்லியையும் நீதிமன்றங்களையும் பார்க்க வேண்டிய விஷயம். ஆக, குன்னூர் எம்.எல்.ஏ. சென்னைக் கோட்டைக்குள் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் இந்த மூன்றும் அவர் கைக்கு எட்டாது.

எட்டுவதும் உண்டு. விலை சரிந்த காலத்தில் மாநில அரசு ‘ஊட்டி டீ’ என்று பெயர் வைத்து, கூட்டுறவு ஆலைகளின் தேயிலையை ரேஷன் கடைகளில் விற்றது. இன்ட்கோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பின் தலைமையகமும் குன்னூர்தான். டான்டீ, கூட்டுறவு ஆலை, ஆஸ்பத்திரி, பள்ளி, மினி பஸ், நிலச்சரிவில் உடைந்த சாலை, இவையெல்லாம் சென்னையில் முடிவாகிறவை. மலைக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். எட்டாததையும் கேட்டுக்கொண்டே, எட்டுவதற்கு ஓட்டுப் போடுகிறார்கள்.

பார்க்கத் தெரியும், போக முடியாது

கோத்தகிரியிலிருந்து பதினெட்டு கிலோமீட்டரில் கோடநாடு. இந்தப் பெயர் தமிழக அரசியலில் பிரசித்தம். ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது பல நாள்கள் தங்கி இங்கிருந்தே அரசுப் பணிகளைப் பார்த்தார். 2017 ஏப்ரலில் அந்த எஸ்டேட் பங்களாவில் நடந்த கொள்ளையும் காவலாளி கொலையும் பிறகு வந்த தேர்தல் மேடைகளில் எல்லாம் பேசப்பட்டன.

எஸ்டேட்டைத் தாண்டிப் போனால் காட்சி முனை. அங்கிருந்து கீழே பார்த்தால் மாயாறு வெள்ளிக் கம்பிபோல வளைந்து ஓடும். ஒரு பக்கம் ரங்கசாமி சிகரம். பள்ளத்தாக்கில், காட்டுக்கு நடுவே, சதுரம் சதுரமாகக் கொஞ்சம் வயல். சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தச் சதுரங்கள்தான் தெங்குமரஹாடா.

அதுவும் கோத்தகிரி வட்டம்தான். உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில், 1948-ல், கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் அமைத்துக் காட்டு நிலத்தில் நெல் விளைவிக்கப் போனவர்களின் ஊர். நெல்லும் மிளகாயும் மஞ்சளும் வாழையும் விளைந்தன. மேலே நின்றால் கைக்கெட்டும் தூரம். போக வேண்டுமென்றால் கதையே வேறு. மலையிறங்கி மேட்டுப்பாளையம், அங்கிருந்து பவானிசாகர், பிறகு யானையும் புலியும் உலவும் காட்டுப் பாதை, கடைசியில் மாயாறு. பஸ் அக்கரையோடு நின்றுவிடும். தண்ணீர் குறைவாக இருந்தால் நடந்தும், நிறைந்து ஓடினால் பரிசலிலும் ஆற்றைக் கடக்க வேண்டும். பிரசவ வலி எடுத்தாலும் அதே ஆறு, அதே பரிசல்.

ஆற்றுக்கு ஒரு பாலம் வேண்டும் என்பது பல தேர்தல்களாக ஒலிக்கும் கோரிக்கை. புலிகள் நடமாடும் காட்டுக்குள் பாலம் கட்டினால் போக்குவரத்து பெருகும் என்பது வனத்துறையின் கவலை. இதற்கிடையில், குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கொடுத்து ஊரையே வெளியே குடியமர்த்தும் திட்டமும் நீதிமன்றம் வரை போய்ப் பேசப்படுகிறது. காட்டின் நியாயம் ஒரு பக்கம். மூன்று தலைமுறையாக அங்கேயே உழுதவர்களின் நியாயம் இன்னொரு பக்கம். போய்விடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள், போகமாட்டோம் என்பவர்களும் இருக்கிறார்கள்.

எத்தனை ஓட்டு இருந்தால் என்ன, வாக்காளர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. ஆகவே, இப்படிப்பட்ட ஊர்களுக்கு வாக்காளரைத் தேடி வாக்குச் சாவடி வருகிறது. பிரசவத்துக்குப் போக வழியில்லாத பாதையில், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அரசாங்கம் முழு மரியாதையோடு வந்துவிட்டுப் போகிறது.

சிறியதாகத் தெரியும் எண்

குன்னூர், ஊட்டி, கூடலூர் என நீலகிரியின் மூன்று தொகுதிகளையும் சேர்த்தால் 2021-ல் வாக்காளர்கள் 6 லட்சத்துக்கும் குறைவு. அதே தேர்தலில் சென்னையின் புறநகரான சோழிங்கநல்லூர் என்ற ஒரு தொகுதியில் மட்டும் ஏறத்தாழ 7 லட்சம். வெறும் தலைக்கணக்கில் பார்த்தால் இந்த மாவட்டம் முழுவதற்கும் ஒரு எம்.எல்.ஏ. போதும் என்று யாரும் சொல்லிவிடலாம். அடுத்த மறுவரையறை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மலையில் இருப்பவர்களுக்கு வரும் கவலை இதுதான்.

ஆனால், சோழிங்கநல்லூரில் வாக்குச் சாவடிக்குப் போகும் வழியில் யானை நிற்பதில்லை. ஒரு தெருவில் இருக்கும் வாக்காளர்கள் இங்கே ஒரு மலைச்சரிவு முழுக்கச் சிதறிக் கிடப்பார்கள். தூரத்தையும் மழையையும் காட்டையும் எந்த வாக்காளர் பட்டியலும் எண்ணுவதில்லை.

வாக்குப்பதிவு நாள் மாலை குன்னூர் பக்கம் மூடுபனி இறங்கும். தோட்டத்திலிருந்து திரும்பும் பெண்கள் இடது கை விரலில் மையோடு சாலையோரம் நடந்து போவார்கள். நாளைக்கு அதே விரல்கள் கொழுந்து கிள்ளும். மலைப்பாதைகளில் ஜீப்புகள் பெட்டிகளோடு ஊட்டியை நோக்கி ஏறும். அவற்றில் கடைசியாக வந்து சேர்வது, ஆறும் காடும் கடந்து வர வேண்டிய பெட்டியாகத்தான் இருக்கும். அதற்குள் இருப்பவை சில நூறு ஓட்டுகள்தான். நாலாயிரத்தில் முடிவாகும் தொகுதியில் அந்தச் சில நூறையும் எண்ணாமல் வெற்றியை அறிவிக்க முடியாது.